கைது எண்ணிக்கை கணிப்பு ஆகாது

ஆசிரியருக்கு,

போதைப்பொருள் அளவு மீறி நேரும் மரணங்கள் எங்கே நேரக்கூடும் என்று கணினியால் முன்கூட்டியே கணித்து, அவற்றைத் தடுக்கலாம் என்கிறார்கள். தடுக்கலாம்தான், எந்தத் தரவை ஊட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. இறப்புச் சான்றிதழை நம்பினால் நச்சியல் ஆய்வு முடிவு வரவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் புழங்கும் போதைப்பொருளே மாறிவிடும். ஆம்புலன்ஸ் அழைப்புகளும் அவசர சிகிச்சைப் பதிவுகளும் அதைவிட வேகமாகக் கிடைக்கும். கைது எண்ணிக்கையைச் சேர்த்தால் போலீஸ் எங்கே அதிகம் நிற்கிறது என்பதுதான் தெரியும், ஆபத்து எங்கே என்பதல்ல. சிறிய பகுதிகளில் ஓரிரு சம்பவமே விகிதத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். அண்டைப் பகுதிகளோடு சேர்த்துச் சமன்செய்த பிறகே வரைபடம் போட வேண்டும்.

சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை. உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவே உயிரைப் பறிக்கும். அவர்கள் கையில் வாசலிலேயே நலாக்சோன் என்ற முறிவு மருந்தைக் கொடுத்தனுப்ப எந்தக் கணிப்பும் தேவையில்லை.

அக்கம்பக்கத்தாருக்குப் பயிற்சி வேண்டும். எழுப்பினாலும் எழாமை, மந்தமான மூச்சு, நிறம் மாறிய உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி: இவை ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் அளவு மீறியதன் அடையாளங்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, ஒரு நாசியில் 4 மி.கி. நலாக்சோன் ஸ்பிரே அடித்து, 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுக்க வேண்டும். 2–3 நிமிடத்தில் பலனில்லையெனில் மறு நாசியில் இன்னொரு டோஸ். நலாக்சோனின் வீரியம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கும். மூச்சு மறுபடி நிற்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தனியே விட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

– பொதுச் சுகாதாரத் தரவுப் பணியாளர்கள்