தெர்மோபிலே: பழி ஹெரோடோட்டஸுக்கு, வேலை ஆற்றுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாய் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே அகன்ற சமவெளியைக் காட்டும் வரைபடம் வந்திருந்தது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வழி என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதை அதை வைத்தே மிகை என்று சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அது இன்றைய வரைபடம். பாரசீகப் படையை ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸ் அங்கே மறித்த சண்டை நடந்தது கி.மு. 480-ல்.

அந்தச் சமவெளியே ஸ்பெர்கியோஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். அது விழும் மாலிய வளைகுடா ஆழமற்றது, மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்தது. வந்த மண்ணை அலை வாரிக்கொண்டு போவதில்லை. கடல் இன்று கணவாயைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிக் கிடக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் படியவிட்ட சுண்ணமும் சேர்ந்து, லியோனிடாஸ் நின்ற தரை பல மீட்டர் கீழே போய்விட்டது.

பக்கத்துச் சிற்றாறுகளும் இடம் மாறின. ஸ்பெர்கியோஸிலிருந்து 20 ஸ்டேடியம் (பண்டைய கிரேக்க நீள அளவு; 20 என்றால் சுமார் மூன்றரை கிலோமீட்டர்) தள்ளி டைரஸ் ஆறு, இன்னொரு 20 தள்ளி மெலாஸ் ஆறு, அங்கிருந்து 5-ல் டிராகிஸ் நகரம் என்பது ஹெரோடோட்டஸ் கணக்கு. தீயில் எரிந்த புராண வீரன் ஹெராக்ளீஸுக்கு உதவப் பொங்கி வந்ததாகச் சொல்லப்படும் டைரஸ்தான் இன்றைய கோர்கோபோடமோஸ். இப்போது அது ஸ்பெர்கியோஸின் துணையாறு. இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பர் 25 இரவு பிரிட்டிஷ், கிரேக்கப் போராளிகள் தகர்த்த ரயில் பாலம் இதன்மேல்தான் இருந்தது. தகர்த்த குழுவிலிருந்த இந்தர் கில், பின்னாளில் இந்திய ராணுவத்தின் லெப்டினன்ட் ஜெனரல்.

இன்றைய கழிமுகத்திலிருந்து ஸ்டேடியம் எண்ணினால் எந்த ஆறும் அகப்படாது. டிராகிஸுக்குத் தெற்கே மலையைப் பிளந்துகொண்டு அசோபோஸ் ஆறு வெளிவரும் இடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். பாறை என்பதால் அது நகரவில்லை. அசோபோஸில் கலக்கும் ஃபீனிக்ஸ் ஓடையருகேதான் அந்த ஒற்றை வண்டிப்பாதை. அங்கிருந்து 15 ஸ்டேடியத்தில் தெர்மோபிலே. 1939-ல் தொல்லியலாளர் மரினாடோஸ் தோண்டி அம்புமுனைகளை எடுத்த கொலோனோஸ் குன்றையும் குறித்துக்கொண்டு, கடற்கரையை மலையடி வரை தள்ளி வரைந்தால் கணக்கு இடிக்காது.

ஹெரோடோட்டஸ் சறுக்கிய இடமும் உண்டு. கணவாய்க்கு மேற்கே மலை, கிழக்கே கடல் என்கிறார். உண்மையில் மலை தெற்கே, கடல் வடக்கே. குறை சொல்வதானால் அதைச் சொல்லியிருக்கலாம்.

வரைபடத்தைத் திருத்தி வெளியிடக் கோருகிறேன்.

— வாசகர், திருநெல்வேலி