பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு: ஆறாம் வகுப்பின் காலைப் பசி

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். நேற்று மதியம் சத்துணவு வரிசையில் வந்த ஒரு பையன், முட்டையைப் பக்கத்தில் இருந்தவன் தட்டில் வைத்துவிட்டு, சோற்றைக் கொஞ்சம் அளைந்துவிட்டு எழுந்தான். "பசிக்கல டீச்சர்" என்றான். விரல் நுனியில் ஆரஞ்சு மசாலா. காலை இடைவேளையில் பள்ளி வாசல் கடையில் வாங்கிய ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனி பாக்கெட்.

போன வருஷம் இதே பையன் காலையில் பள்ளியிலேயே பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டவன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இப்போது வீட்டில் ஒரு டம்ளர் டீ. வேலைக்கு ஓடும் அம்மா கையில் பத்து ரூபாயைத் திணிக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்த பாக்கெட்டில் இருப்பது மாவும் எண்ணெயும் உப்பும்தான். பசியை அடக்கும், உடம்பில் ஒட்டாது. முட்டையில் கிடைக்கும் புரதம் அன்றைக்குப் போனது போனதுதான். பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் கவலை தருகிறது. வயதுக்கு வரும் பருவம், இரும்புச்சத்து கட்டாயம் வேண்டும். வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனாலேயே சிலர் மாத்திரையைக் கைக்குள் ஒளித்துக்கொள்கிறார்கள்.

உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. எங்கள் வாசலிலிருந்து கடைக்கு முப்பது தப்படிகூட இல்லை. கடையை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த அக்காவின் பிழைப்பு அது. நீங்கள் நாலு பேர் போய்ப் பேசுங்கள். கடலை மிட்டாய், அவித்த கடலை, கொய்யா வைத்தாலும் பிள்ளைகள் வாங்குவார்கள். மழைக்காலத்தில் மக்காச்சோளம் அவித்து வைத்தபோது மணி அடிப்பதற்குள் தீர்ந்துபோனது.

அப்புறம் இன்னொன்று. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டக் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். அது வரும்வரை இடைவேளையில் ஒரு கிண்ணம் சுண்டலுக்கு ஊரில் வழி பண்ண முடியுமா என்று யோசியுங்கள். அவித்துக் கொடுக்க நானும் வருகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்று கொஞ்சம் முன்னாடியே, சாப்பாட்டு மணி அடிக்கும்போது வாருங்கள். ஆறாம் வகுப்பு வரிசையில் எத்தனை முட்டை கைமாறுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை