வடிகால் கணக்கில் நீரின் தரமும் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையில் எத்தனை கிலோமீட்டருக்கு மழைநீர் வடிகால் கட்டப்பட்டது என்ற கணக்கு தவறாமல் வெளிவருகிறது. அந்த வடிகால்களின் அகலத்தையும் ஆழத்தையும் முடிவு செய்த கணினி மாதிரிக்கு என்னென்ன எண்கள் கொடுக்கப்பட்டன என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இத்தகைய கணக்குகளைப் பல ஆண்டுகள் போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் நீர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டினால் 6 லட்சம் லிட்டர். இதில் எந்தப் பங்கு மண்ணில் இறங்காமல் தெருவில் ஓடும் என்பதைக் குறிக்கும் குணகத்தை 0.3 என்று வைத்தால் வடிகாலுக்கு வருவது 1,80,000 லிட்டர், 0.8 என்று வைத்தால் 4,80,000 லிட்டர். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் லாரியில் முன்னது 15 லோடு, பின்னது 40 லோடு. தோட்டமும் மண்தரையுமாக இருந்த மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பி, வண்டி நிறுத்துமிடம் வரை சிமென்ட் பூசப்பட்டுவிட்டால் 0.3 என்பது 0.8-ஐ எட்டிவிடும். நான் பணியாற்றிய இடத்தில் களத்துக்கே போகாமல் கையேட்டைப் பார்த்து இந்த எண்ணை நிரப்பியதுண்டு. அதில் எனக்கும் பங்குண்டு.

வடிகால் முடியும் இடத்திலும் இதே கதைதான். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல்திட்டு அடைத்திருக்க, கடலில் ஓதமும் (கடல்நீர் ஏற்றமும்) உயர்ந்திருந்தால், தட்டையான இந்த நகரத்தின் நீர் வெளியேற வழியின்றி வந்த வழியே எதிர்த்து ஏறும். முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்கும், வடிகாலில் வண்டலே இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டிய மாதிரி, தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போதும் திரையில் நீர் வடிந்துவிட்டதாகவே காட்டும்.

நீரின் அளவையாவது இப்படிக் குறைகளோடு கணக்கிடுகிறோம். அதன் தரத்தை நாம் பொருட்படுத்துவதே இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்கென உருவாக்கிய ‘சி-ஃப்ளோஸ்’ முன்னறிவிப்பு முறையும் எங்கே, எவ்வளவு நீர் தேங்கும் என்ற கேள்விக்காகவே அமைந்தது. ஆனால் தரத்தைக் கணக்கிடும் வழி புதிதன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் முதன்முதலில் வெளியிட்டு, இன்றும் இலவசமாக வழங்கும், மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ‘ஸ்வம்’ (SWMM) மென்பொருளிலேயே அது உண்டு. மழையில்லாத நாட்களில் சாலையில் படியும் தூசியும் எண்ணெயும் குப்பையும் ஒரு சூத்திரத்தால் கணக்காகின்றன. மழை அவற்றை அடித்துச் செல்லும் வேகம் இன்னொன்றால் கணக்காகிறது. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நீர் ஏன் கறுத்து வருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கழிவுநீருக்குத் தனிக் குழாயும் மழைநீருக்குத் தனி வடிகாலும் உள்ள ஊர்களில் அளந்து பெற்ற எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. நம் மழைநீர் வடிகால்கள் பலவற்றில், முறைகேடான இணைப்புகளால், சித்திரை வெயிலிலும் கழிவுநீர் ஓடுகிறது. மழை இல்லாதபோது ஓடும் அந்த நீரையும் மாதிரியில் சேர்க்க மென்பொருளில் இடமுண்டு. சேர்ப்பதற்கான அளவீடுதான் நம்மிடம் இல்லை.

ஆகவே, ஒவ்வொரு வடிநிலப் பகுதியிலும் சில வடிகால் வாய்களிலாவது நீரோட்டம் அளக்கும் கருவியைப் பொருத்தி, மழை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் மாதிரி எடுக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். மழை ஓய்ந்தபின் ஒரே ஒரு பாட்டில் எடுப்பது பயன் தராது. அழுக்கில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டிருக்கும். 2022-இல் ராம்சர் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு நீர் கொண்டுவரும் வடிகால்களில் இதைத் தொடங்கலாம். அங்கே சேரும் நீர்தான் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. எந்தக் குணகம், எந்த ஆண்டின் நிலப் பயன்பாடு, எந்த ஓத மட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை ஒவ்வொரு வடிகால் திட்ட அறிக்கையோடும் தமிழில் வெளியிட்டால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களே அதைச் சரிபார்த்துச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை.