மணிக்கு, மணிகளைப் பற்றி

அன்புள்ள மணி,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சுந்தரத்திடம் அந்த ஸ்டாப்வாட்ச் இன்னும் இருக்கிறதாம். நீயே கேட்டு வாங்கு, என்னை இழுக்காதே.

உன் புகாருக்கு வருகிறேன். ஒரு மீட்டர் நூல், 10 செ.மீ.க்கு ஒன்றாக 10 கிராம் ஈயமணி ஒன்பது (உன் பேரிலேயே ஒன்பது பேர், எப்படி உருப்படும்?), ஒரு முனையை ஆட்ட ஸ்பீக்கர், மறுமுனையில் கப்பி வழியே ஒரு கிலோ எடை. 31 ஹெர்ட்ஸ் வரை ஆடியது, 40-இல் செத்துவிட்டது, ஸ்பீக்கர் போச்சு என்கிறாய். பாவம் ஸ்பீக்கர், அதைக் கழற்றித் தொலைக்காதே!

இழுவிசை 9.8 நியூட்டன். அதை ஒரு மணியின் நிறையாலும் இடைவெளியாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கு: நொடிக்கு 198 ரேடியன், அதை 2π-ஆல் வகுத்தால் 31.5 ஹெர்ட்ஸ். அதுதான் உச்ச வரம்பு. பக்கத்துப் பக்கத்து மணிகள் நேரெதிராக ஆடும் நிலை அது. நூல் ஒரு மணியை முழுப் பலத்தோடு திருப்பி இழுப்பதே அப்போதுதான். அதைவிட வேகமாகத் திருப்ப அதனிடம் சக்தியில்லை. 40-இல் ஒவ்வொரு மணியிலும் வீச்சு முந்தையதில் கால்வாசிக்கும் கீழே போகும், திசையும் மாறி மாறி வரும். நாலாவது மணியில் கண்ணுக்கே தெரியாது.

ஒன்பது மணிக்கு ஒன்பதே அதிர்வு நிலைகள் (எல்லா மணியும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்தாடும் விதங்கள்). 1759-லேயே கணித மேதை லக்ராஞ்ச் போட்ட கணக்கு. முதல் நிலை 4.9 ஹெர்ட்ஸ், அதே நிறை சீராகப் பரவிய சாதா நூலும் அதையேதான் தரும். ஒன்பதாவதோ, 44.5 வர வேண்டிய இடத்தில் 31.1-ஓடு நின்றுவிடும். நீ தட்டிவிட்ட துடிப்பு வால் முளைத்துப் போய்ச் சேர்ந்ததற்கும் இதுதான் காரணம்: நீள அலைகள் நொடிக்குச் சுமார் 10 மீட்டரில் முன்னே ஓட, குட்டை அலைகள் பின்தங்குகின்றன.

எனக்குக் கவலை உன் முடிச்சுகள்மேல்தான். ஒரு மணி நகர்ந்தாலும் மேல் நிலைகள் இடம் மாறும். இரண்டு பக்கமும் துளி பசை வை. கப்பி இறுகியிருந்து இழுவிசை 10 சதவீதம் குறைந்தால், எல்லா அதிர்வெண்ணும் 5 சதவீதம் இறங்கும். ஆட்டம் சில மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பெரிதானால் நூல் நீண்டு இழுவிசை ஏறும்.

இவ்வளவும் சரியானபின், நடு மணியை எடுத்துவிட்டு 5 கிராம் மணி ஒன்றைக் கட்டு. வரம்புக்கு மேல் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஆட்டினால் அது அவ்வளவாக அசையாது. அதன் பக்கத்திலேயே லேசாக ஆட்டு: 36.4 ஹெர்ட்ஸில், வரம்புக்கு வெளியே, அது தனியாக ஆடும். பக்கத்து மணிக்கு அதன் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கடுத்ததற்கு ஒன்பதில் ஒரு பங்கு. போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் வைத்துப் படம் எடுத்து அனுப்பு.

உன்,
கண்ணன்