புதிய புரொஜெக்டர் வாங்கும் முன் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள்

கருத்தரங்குக் கூடங்களையும் பயிற்சி அறைகளையும் நிர்வகிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஸ்லைடு போட்டுப் பேசுவது என் வேலையில் பெரும்பகுதி. போகிற கூடங்களில் எல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரே குறைதான் வருகிறது: திரையில் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இது பழைய மெஷின், அடுத்த முறை அதிக லூமன் (கருவி வீசும் மொத்த வெளிச்சத்தின் அளவு) உள்ளதாக வாங்கிவிடுவோம். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிய கருவி வந்த பிறகும் திரை வெளுத்தே கிடக்கும் கூடங்களை நிறையப் பார்த்தாயிற்று. அதனால்தான் இந்த மடல்.

புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது; வெளிச்சத்தை மட்டுமே வீச முடியும். திரையில் கருப்பு எழுத்தாக நாம் வாசிப்பது, புரொஜெக்டர் ஒளி படாமல் விட்ட வெள்ளைத் துணிதான். அதன் மேல் கூரை விளக்கின் வெளிச்சம் விழுந்தால் கருப்பு சாம்பல் நிறமாகிவிடும். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது வெள்ளைக்கும் இந்தச் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரை 2.4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம், பரப்பு 3.6 சதுர மீட்டர். 3000 லூமன் புரொஜெக்டர் இதன் மேல் ஏறக்குறைய 830 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) வெளிச்சத்தைப் போடும். அறை விளக்கிலிருந்து திரையில் விழுவது 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெள்ளைப் பகுதி 1130, கருப்புப் பகுதி 300. நான்கு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. இப்போது நிறையச் செலவு செய்து 6000 லூமன் கருவி மாட்டுகிறீர்கள். வித்தியாசம் ஆறரை மடங்கை எட்டும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகப் பழைய கருவியையே வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் எரியும் விளக்கு வரிசையை மட்டும் அணைத்து, திரையில் விழும் அறை வெளிச்சத்தை 50 லக்ஸுக்குக் கொண்டுவந்தால்? வித்தியாசம் 17 மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஒலி-ஒளித் துறையின் சர்வதேச அமைப்பான அவிக்ஸாவின் தரநிலை, சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கு 7 மடங்கு, வாசித்துப் புரிந்து முடிவெடுப்பதற்கு 15 மடங்கு, வரைபடம் போன்ற நுணுக்கங்களுக்கு 50 மடங்கு என்று சொல்கிறது. புதிய கருவியால் முதல் படியையே தொட முடியவில்லை; ஒரு ஸ்விட்ச் இரண்டாவது படியைத் தாண்டிவிட்டது.

ஆகவே என் முதல் வேண்டுகோள், மேடைப் பக்கத்து விளக்குகளுக்குத் தனி ஸ்விட்ச். பல கூடங்களில் ஒரே பொத்தானில் எல்லா விளக்கும் எரியும், அல்லது எல்லாம் அணையும். மொத்தமாக அணைத்தால் குறிப்பெடுக்க முடியாது, பேசுபவர் முகம் தெரியாது, சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு என்றால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். பார்வையாளர்கள் மேல் மிதமான வெளிச்சம் இருக்கட்டும். பேசுபவர் மேல் விழும் விளக்கு திரையைத் தொடாதபடி பக்கவாட்டிலிருந்து வரட்டும். திரையை ஒட்டி ஜன்னல் இருந்தால் தடித்த திரைச்சீலை போட்டுவிடுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனுக்கான வேலைதான் இது.

அடுத்தது படத்தின் அளவு. வாசிக்க வேண்டிய ஸ்லைடு என்றால், கடைசி வரிசை திரையில் விழும் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்பது துறையில் பழகிய கணக்கு. நுணுக்கமான படம் என்றால் நான்கு மடங்கு. 1.5 மீட்டர் உயரப் படம் 9 மீட்டர் வரைதான் உதவும். 18 மீட்டர் நீளக் கூடத்தின் கடைசி வரிசைக்காரர் ஸ்லைடை வாசிப்பதில்லை, ஊகிக்கிறார். ஒரு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவி, பிரகாசம் கால்வாசியாகிவிடும். அதனால் நீளமான கூடத்தில் ஒரே பெரிய திரையைவிட, பாதி தூரத்தில் பக்கவாட்டில் இரண்டு டிஸ்ப்ளேக்களை மாட்டுவது பல சமயம் புத்திசாலித்தனம். பத்துப் பேர் உட்காரும் சிறிய அறைக்கோ புரொஜெக்டரே தேவையில்லை. 75 அங்குல டிஸ்ப்ளேயின் உயரம் ஏறக்குறைய 93 செ.மீ.; ஐந்தரை மீட்டர் வரை தாராளமாகப் போதும், விளக்கை அணைக்கவும் வேண்டாம்.

தமிழில் ஸ்லைடு போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெய்யெழுத்தின் புள்ளிதான் வெளுத்த திரையில் முதலில் காணாமல் போகும். அப்புறம் இகரக் குறியும் ஈகாரச் சுழியும் ஒன்றாகிவிடும்.

லூமன் எண்ணைப் பற்றியும் கொஞ்சம். ஆன்சி (அமெரிக்கத் தரநிலை அமைப்பு) லூமன் என்பது படத்தின் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுத்த எண்; 1992ல் வந்த முறை. பெட்டியில் பெரிய எழுத்தில் வெறுமனே ‘லூமன்’ என்று போட்டிருந்தால், எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். நிறச்சக்கரத்தில் (ஒளிக்கு நிறம் கொடுக்கச் சுழலும் வட்டு) வெள்ளைப் பகுதியும் வைத்திருக்கும் டி.எல்.பி. வகைக் கருவிகளில் வெள்ளை பிரகாசமாக இருக்கும், நிறங்கள் அந்த அளவுக்கு இருக்காது. நிறப் பிரகாசத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் எழுத்து ஸ்லைடை வைத்து டெமோ காட்டினால் இது தெரியாது, ஒரு புகைப்படத்தைப் போடச் சொல்லுங்கள். பல்பு கருவியின் வெளிச்சம் அதன் ஆயுள் முடிவில் பாதியாகிவிடும். லேசர் கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 20,000 மணி நேரமும் பாதிப் பிரகாசத்துக்கு இறங்கும் வரையிலான கணக்குதான். முதல் நாளில் சரியாகப் போதும் என்ற அளவில் வாங்கினால் பின்னால் போதாது.

புரொஜெக்டரை மேசையில் வைத்து, அடியில் இரண்டு புத்தகத்தைச் செருகி, கோணலான படத்தைக் கீஸ்டோன் பொத்தானால் நேராக்குவதை நிறுத்துங்கள். கீஸ்டோன் படத்தை நிமிர்த்துவதில்லை, சில பிக்ஸல்களைக் கைவிட்டுப் படத்தைச் சுருக்குகிறது. எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். சரியான உயரத்தில் மாட்டுங்கள், இல்லையென்றால் லென்ஸ் ஷிஃப்ட் (கருவியைச் சாய்க்காமல் லென்ஸை நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கும் வசதி) உள்ளதை வாங்குங்கள்.

பேசுபவருக்கும் ஒரு திரை தேவை. மேடை ஓரத்தில் அவரைப் பார்த்தபடி ஒரு சிறிய மானிட்டர் இருந்தால் அவர் சபைக்கு முதுகைக் காட்ட மாட்டார். திரும்பித் திரும்பித் திரையைப் பார்ப்பது பயத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவருக்கு ஸ்லைடு தெரியவில்லை, அவ்வளவுதான். எல்.இ.டி. சுவர் வைத்திருப்பவர்கள், லேசர் பாயின்டரை நம்ப வேண்டாம் என்று பேசுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் புள்ளி அங்கே சரியாகத் தெரியாது.

கடைசியாக, அழைப்புக் கடிதத்தோடு அரைப் பக்கத் தகவல் ஒன்றை அனுப்புங்கள். திரையின் அகல-உயர விகிதம் 16:9ஆ, 4:3ஆ? மேடையில் இருக்கும் இணைப்பு ஹெச்.டி.எம்.ஐ.யா, யூ.எஸ்.பி-சியா? (எல்லா லேப்டாப்பின் யூ.எஸ்.பி-சி துளையிலிருந்தும் படம் வராது. ஒரு அடாப்டர் வைத்திருங்கள்.) கடைசி வரிசை எத்தனை மீட்டர் தள்ளி? சொந்த லேப்டாப்பை இணைக்கலாமா, உங்கள் கணினியில்தான் போட வேண்டுமா? உங்கள் கணினி என்றால் எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் கேளுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் யோசித்து அமைத்த வரிகள் உங்கள் கணினியில் இடம் மாறும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு என்றால் தமிழே ஆங்கிலக் கிறுக்கலாக வரும். இவை முன்பே தெரிந்தால், எழுத்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் அடிக்கடி பேசும் ஒருவர்