மல்லிகை காஞ்சது எதனால: நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நம்மகிட்ட சொட்டுநீர் பைப்பும், நேரத்துக்குத் தண்ணியத் தானா தொறந்து மூடுற டைமரும் வாங்குன எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ சுத்துது, நீங்களும் பாத்திருப்பீக, காஞ்சுபோன குண்டுமல்லி, கீழ "ஆப்ல தண்ணி விடுறேன்னு செடியக் கொன்னுட்டாங்க"ன்னு எழுதி நம்ம கடை பேரும் போட்டிருக்கு. டீக்கடைல கூட கேக்க ஆரம்பிச்சுட்டாக, அதனால நடந்தத எழுதிடுறேன்.

ஒரு ஆச்சி வீடு, யாருன்னு சொல்லமாட்டேன். மகன் சிங்கப்பூர்ல இருக்காக, அம்மாவுக்கு செரமம் வேணாமேன்னு அங்கருந்தே போன்ல டைமர் ஆப்ப செட் பண்ணுனாக. ஆப்பு "உங்க லொகேஷன எடுத்துக்கவா"ன்னு கேட்டிருக்கு, சரின்னு அமுக்கிட்டாக, முடிஞ்சுபோச்சு. அது சிங்கப்பூர எடுத்துக்கிச்சு. மழை பெஞ்சா தண்ணிய நிறுத்துற வசதியும் ஆன்ல இருந்துச்சு, அங்க நெனச்சப்பல்லாம் மழை, இங்க சித்திர வெயிலு. நான் போய் மண்ணுல வெரல விட்டா உள்ள போகமாட்டேங்குது, செங்கல் மாதிரி இறுகிக் கெடக்கு, போன்ல பாத்தா குடை படம் போட்டு "இன்னைக்குத் தண்ணி தேவையில்லை"ன்னு வருது. என்னைக்காவது தொறந்த நாள்லயும் காலை 6 மணின்னு வச்சது அங்கத்த 6 மணி, இங்க 3.30, அந்நேரம் ஆச்சி வீட்டு மேல் டேங்க்ல தண்ணியே இருக்காது. இதுல கடை எங்க செடியக் கொன்னுச்சுன்னு நீங்களே சொல்லுங்க. மாட்டிட்டு வர்றப்ப நம்ம பையன் லொகேஷனப் பாத்திருக்கணும், பாக்கல, அது நம்ம தப்புதான், இல்லைங்கல.

ஆன்லைன் வேணவே வேணாம்னு யாரும் டைமரக் கழட்டிறாதீக. ஓப்பன் மீட்டியோன்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு, அதுல நம்ம ஊரப் போட்டு ET₀ங்கிறத டிக் பண்ணுனா ஒருநாள் வெயிலுக்கும் காத்துக்கும் எத்தன மில்லிமீட்டர் தண்ணி ஆவியாப் போகுதுன்னு காட்டும். 1 மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 5ன்னு காட்டுது, உச்சி வெயில்ல உங்க செடி நிழல் ஒரு சதுர மீட்டர் விழுதுன்னா 5 லிட்டர், மல்லி மாதிரி செடிக்கு அதுல முக்கால் பங்கு போதும், மணிக்கு 4 லிட்டர் சொட்டுற டிரிப்பர்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. நம்ம செம்மண் சரளைல ஒரேயடியா விட்டா கீழ எறங்கிரும், ரெண்டாப் பிரிச்சு விடுங்க.

மழைக்கு மேகதூத் ஆப்பு, 2019ல வானிலைத் துறை கொண்டுவந்தது, தமிழ்லயே சிவகங்கை மாவட்டத்துக்கு வருது, செவ்வாயும் வெள்ளியும் புதுசாப் போடுவாக. ஆனா அது மாவட்டத்துக்குச் சொல்றது, தேவகோட்டைல கொட்டும் இங்க தூத்தல் கூட இருக்காது. பக்கமெல்லாம் நேரா இருக்குற ஒரு டப்பாவ வாசல்ல வச்சு, விழுந்த மழைய ஸ்கேல்ல அளந்துக்கங்க. தாழ்வாரத்துத் தொட்டிக்கு வெளிய எவ்வளவு பெஞ்சாலும் ஒரு சொட்டு விழாது, அதுகளுக்கு மழை நிறுத்தத்த ஆஃப் பண்ணிருங்க. காரைக்குடின்னா சம்பை ஊத்துன்னு நல்ல தண்ணி ஊத்து இருக்குற ஊருன்னு பேரு, கோடைல நம்ம போர் படுற பாடு நமக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் வீட்டுக்கு வந்து செஞ்சு குடுத்துட்டிருந்த நம்ம பையன் போன மாசம் வேலைய விட்டுட்டான், அவனும் சிங்கப்பூர்தான், என்னத்தச் சொல்றது. புதுசா ஒருத்தர் கத்துக்கிட்டிருக்காரு, அதுவரைக்கும் நானே வர்றேன், ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகும். உங்க ஆப்ல ஊரு என்ன காட்டுது, மணி என்ன காட்டுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, காசு கேக்கமாட்டேன். வீட்டுக்கு வந்தா மட்டும் இந்த மாசத்துலருந்து 350, ஞாயித்துக்கெழம இல்ல.

போட்டோவப் பாத்துட்டும் "எங்க வீட்டுத் தோட்டம் நல்லாத்தான் இருக்கு"ன்னு குரூப்ல எழுதுன அக்காமாரு, கடைக்கே வந்து ஒண்ணுக்கு ரெண்டா டிரிப்பர் வாங்கிட்டுப் போன பள்ளத்தூர் அண்ணன், உங்களையெல்லாம் மறக்கமாட்டேன். ஆச்சி வீட்டு மல்லிய அடியோட கவாத்து பண்ணி விட்டிருக்கோம், நேத்து ரெண்டு துளிர் வந்திருக்குன்னு ஆச்சியே போன் பண்ணுனாக. அத மட்டும் யாரும் போட்டோ போடல.