ஒன்றாம் வகுப்பு எடுக்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை உன் பொறுப்பு என்று அறிந்தேன். ஈராசிரியர் பள்ளி என்றால் மூன்று வகுப்பும் ஒரே அறையில்தான் உட்காரும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்திருப்பது இங்கே உனக்குத் துணை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பில் உட்கார நேர்ந்தால் தயங்காமல் உட்கார வை. அதற்குத் தேவை அதுதான். கையேட்டில் இருப்பதை நான் திரும்ப எழுதவில்லை. அரும்புப் பிள்ளைகளோடு ஓர் ஆண்டு நடக்கும்போது எங்கெங்கே கால் இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எதைச் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் பொருள் கையில் இருக்க வேண்டும், அடுத்து அதைப் பற்றிய பேச்சு, கடைசியில்தான் எழுத்து. இந்த வரிசையை ஜூனில் தாண்டினால், மார்ச்சில் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, அதே சொல்லைப் பலகையில் தனியாக எழுதினால் விழிக்கும் பிள்ளைகள் கிடைப்பார்கள்.

முதல் நான்கு வாரம் நோட்டை எடுக்காதே. ஐந்து வயது விரலுக்குப் பென்சிலை அடக்கும் வலு இன்னும் வந்திருக்காது. ஏரிக் களிமண்ணைக் கல் பொறுக்கிச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து வை. உருண்டை, பாம்பு, தட்டு என்று உருட்டட்டும். மண் கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, சிறிது உலர்ந்த மண் சேர். மாலையில் ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரு வாரம் தாங்கும். காகிதம் கிழித்து ஒட்டுவதும் மணி கோப்பதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கோக்கவும் எண்ணவும் குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளைக் கொடுக்கவே கூடாது. மூன்றும் நஞ்சு, இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். பிறகு தாம்பாளத்தில் சலித்த மணல். ஒரு விரல் தடிமன் போதும், அதற்கு மேல் போனால் கோடு சரிந்து மூடிவிடும். இலேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்.

எழுத்தை எங்கே தொடங்குவது? "அ, ஆ சொல்லித் தரலையா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். அ, ஆ பாட்டாக வாயில் இருக்கட்டும். கைக்கு அ கடினம், இ அதைவிடக் கடினம். எத்தனை சுழி, எத்தனை வளைவு பார். ட எழுத மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அதை அடுத்து ப, ம, ர. இந்த நான்கோடு ஒரு புள்ளியும் சேர்ந்தால் படம், மரம், பட்டம், பம்பரம், ரம்பம் எல்லாம் வந்துவிடும். இவை வகுப்புக்குள் கொண்டுவரக்கூடியவை, அல்லது சன்னல் வழியே காட்டக்கூடியவை. மடம், மட்டம் என்றும் எழுதலாம்தான். ஆனால் பிள்ளைக்குப் பொருள் தெரியாத சொல்லை முதல் மாதத்தில் கொடுக்காதே. பம்பரத்தைச் சுற்றிவிட்டு, அது விழுந்த பிறகு எழுது.

புள்ளியில்தான் முதல் தடுமாற்றம். படம் என்பதைப் "ப-ட-ம" என்று படிப்பார்கள். உயிர்மெய்க்குக் கைதட்டு, மெய்க்குத் தட்டாமல் விரலை மூடிக்கொள் என்று விளையாட வை. ம் சொல்லும்போது உதடு மூடிக்கொள்வதைப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் பார்க்கட்டும். ஒரு வாரத்தில் பிடிபடும்.

அடுத்தது துணையெழுத்து. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அச்சில் வேறுபாடு மிகச் சிறியது. கால் என்ற சொல்லைக் "கரல்" என்று படித்தால் பிள்ளையின் குற்றமில்லை. பலகையில் எழுதும்போது ரகரத்தின் அடிச்சாய்வை நன்றாக இழுத்துக் காட்டு. அதைவிடப் பெரிய சிக்கல் கொம்பு. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. காதால் கேட்டு எழுதும் பிள்ளை முதலில் ப போட்டுவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போடும். அது கவனக்குறைவு இல்லை, ஒழுங்காகக் கேட்கிறது என்பதற்கு அடையாளம். அட்டையில் ப எழுதி ஒரு பிள்ளையிடமும், கொம்பு எழுதி இன்னொரு பிள்ளையிடமும் கொடுத்து இடப்பக்கம் ஓடிவந்து நிற்கச் சொல். பொ வரும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ப. காலை உணவில் பொங்கல் போடும் நாளில் இதை நடத்து. சாப்பிட்ட சொல் மறக்காது. ஔகார வரிசைக்கு அவசரமே இல்லை.

உகர வரிசையை க முதல் ன வரை ஒரே மூச்சில் நடத்துவதுதான் பல வகுப்பில் நடக்கும் தவறு. வடிவத்தைப் பார்த்துப் பிரி. பு, சு, யு, வு கீழே கோடு இறங்கும் கூட்டம். து, நு, லு, று, ணு, னு இன்னொரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளையும் கூட்டம். கூட்டத்துக்கு ஒரு வாரம் கொடு. வீட்டில் பாட்டி லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை போட்டு எழுதிக் காட்டினால் குழம்பாதே. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அதுவே வழக்கம். "அது பாட்டி எழுத்து" என்று சொல், பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும்.

பேச்சைத் திருத்துவது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "மாடு வூட்டாண்ட நிக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை அப்படியே பலகையில் எழுதிப் படித்துக் காட்டு. தான் சொன்னது எழுத்தாகிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் படிப்பின் முதல் கண்டுபிடிப்பு. அதற்குக் கீழே "மாடு வீட்டருகே நிற்கிறது" என்று புத்தகத் தமிழை எழுது. மேலே உள்ளதை அடிக்காதே. வாய் திறந்த அன்றே திருத்தப்பட்ட பிள்ளை மறுநாள் பேசாது. வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளை இருந்தால், தண்ணீர், பசி, வலி, வெளியே போகணும் என்பவற்றை அதன் மொழியில் நீ கற்றுக்கொள். ஜூன் முடிவதற்குள் கற்றுக்கொள்.

எண்ணுக்கு வருகிறேன். ஒன்பது வரை புளியங்கொட்டை போதும். சுழியத்துக்குத் தட்டில் மூன்று கொட்டை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல். காலியான தட்டைக் காட்டிய பிறகு 0 எழுது. பத்தைத் தாண்டியதும் கொட்டை உதவாது, கட்ட முடியாதே. ஒரு தென்னந்துடைப்பத்தைப் பிரித்து, கூர்முனையை வெட்டி எறிந்துவிட்டு (கண்ணில் குத்தும்), அரைச் சாண் நீளத்துக்கு நறுக்கு. நான்கு பிள்ளைகளுக்கு 100 குச்சி, 10 ரப்பர் பேண்டு. பத்துப் பத்தாக அவர்களே கட்டட்டும், கட்டுகளை நீ கட்டிக் கொடுத்துவிடாதே. ஆயத்தமாக வந்த கட்டு பிள்ளைக்கு ஒற்றைப் பொருள்தான். உள்ளே பத்து இருப்பது, எண்ணிக் கட்டி, அவிழ்த்து, மறுபடி எண்ணியவனுக்குத்தான் தெரியும். பின்னால் கடன் வாங்கிக் கழிக்கும்போது அவிழ்க்க வேண்டியதும் இதே கட்டைத்தான். அதனால்தான் நூல் முடிச்சு வேண்டாம் என்கிறேன்.

இருபத்து மூன்று என்று சொன்னால் பிள்ளை 203 என்று எழுதும். காதில் விழுந்தபடி இருபதையும் மூன்றையும் எழுதியிருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் அகல அட்டையில் 20, நான்கு சென்டிமீட்டர் அட்டையில் 3. சுழியத்தின் மேல் மூன்றை வைத்து மூடச் சொல். சுழியம் எங்கும் போகவில்லை, அடியில் இருக்கிறது என்று தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து எல்லாப் பிள்ளையும் நிற்கும். அறுபது, எழுபது, எண்பது என்று வந்துவிட்டுத் தொண்ணூறு என்றால் நூறு வந்துவிட்டது போல் ஒலிக்கிறது. ஒன்பது குச்சிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லப் பழகட்டும். 3, 6, 9 திரும்பி நின்றால் சிவப்பு மை வேண்டாம், மணலில் மறுபடி எழுதட்டும். பல்லாங்குழி ஒன்று வாங்கி வை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து. எழுபது கொட்டையைப் பிள்ளைகளே பங்கிட்டு நிரப்புவது ஒரு கணக்குப் பாடம்.

சூழ்நிலையியலுக்கு ஆண்டே பாடத்திட்டம். ஆடிக் காற்றில் காகிதக் காற்றாடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாளுக்கு ஒரு நீலக் கட்டம் நிரப்பினால் பருவமழை சுவரில் தெரியும். பச்சைப்பயறு முளைக்கப் போடுவதாக இருந்தால் ஞாயிறு இரவு நீ ஊறவைத்துத் திங்கள் காலையில் கொண்டு வா. வியாழனில் தொடங்கினால் சனி, ஞாயிறில் காய்ந்துவிடும். கொட்டாங்குச்சியில் ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி அழுகி நாறும். ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நாளுக்கு இரண்டு கரண்டித் தண்ணீர். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு உயரத்தைத் தினம் குறிக்கட்டும்.

சிலேட்டுக் குச்சியைத் தின்னும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். திட்டாதே, இரத்தசோகையாக இருக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் விடுப்பு எடுத்த பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்து, விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்க வை.

வளரறி மதிப்பீட்டை (பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது) மதிப்பெண்ணாக மட்டும் பதியாதே. பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த எழுத்தில், எந்த எண்ணில் நிற்கிறது என்று பதினைந்து நாளுக்கு ஒரு வரி எழுது. தை கழிந்து செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பத்தோடு போகும் பிள்ளை இருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நாற்பது சொல் அட்டையோடு பையில் போட்டுக் கொடுத்தனுப்பு. போகும் ஊர்ப் பள்ளியில் அதைக் காட்டினால் அங்கே மறுபடி ட-விலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

மாசி, பங்குனியில் ஊரில் புளி உலுக்கி உடைப்பார்கள். அப்போதே கொட்டையைக் கேட்டு வாங்கு. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வை. ஜூனில் தேடினால் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா